சீதனமாகப் போன நகரம்

மண்மேடாகிக் கிடந்த கேசேரைத் தேடிப் பிடித்த கதை

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீதனம் கொடுப்பது பல தேசங்களிலும் உள்ள வழக்கம்தான். நகை கொடுப்பார்கள், பாத்திரம் பண்டம் கொடுப்பார்கள், வசதி உள்ளவர்கள் நஞ்சை புஞ்சை எழுதி வைப்பார்கள். ஆனால் ஒரு நகரத்தையே சீதனமாகக் கொடுத்த மாமனாரைக் கேள்விப்பட்டதுண்டா? அதுவும் எப்படி? நகரத்தைத் தீயிட்டுக் கொளுத்தி, அதில் குடியிருந்த ஜனங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, மிஞ்சிய சாம்பல் மேட்டை மகளுக்குக் கொடுத்தாராம்!

அந்த மாமனார் எகிப்து தேசத்துப் பார்வோன். மாப்பிள்ளை, ஞானத்துக்குப் பெயர் போன சாலொமோன் அரசர். சுலைமான் நபி என்று முஸ்லிம்கள் போற்றுபவரும் அவரே. சீதனமாகப் போன நகரத்தின் பெயர் கேசேர். பைபிளின் பழைய ஏற்பாட்டில், அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் முதல் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இந்தச் சம்பவம் சொல்லப்படுகிறது. பாழாய்ப்போன அந்த ஊரைச் சாலொமோன் திரும்பக் கட்டினார் என்றும் அங்கே சொல்லியிருக்கிறது.

சரி, இந்தக் கேசேர் எங்கே இருந்தது? நூறு ஆண்டல்ல, இருநூறு ஆண்டல்ல. பல நூற்றாண்டுகளாக இதற்கு விடை தெரியவில்லை. ஊரும் இல்லை; ஊர் இருந்த அடையாளமும் இல்லை. கடைசியில் விடை கிடைத்தபோது, அது கிடைத்த விதம் ஒரு துப்பறியும் கதையைத் தோற்கடிப்பதாக இருந்தது.

ஏட்டில் கிடைத்த அடையாளங்கள்

காணாமற்போன ஆளைத் தேடுகிறவர்கள் முதலில் அங்க அடையாளங்களைக் கேட்பார்கள். காணாமற்போன ஊரைத் தேடுகிறவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். கேசேரின் அடையாளங்கள் பைபிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன.

யோசுவாவின் படை லாகீஸ் நகரை முற்றுகையிட்டபோது, லாகீசுக்கு உதவியாகக் கேசேரின் அரசன் ஓராம் ஓடி வந்தான். வந்தவன் தோற்று மாண்டான். ஆகவே கேசேர் அப்போது சொந்த அரசனை உடைய ஒரு கானானிய நகரம். லாகீசுக்கு உதவிப் படை அனுப்பக்கூடிய தூரத்தில் இருந்தது. இது முதல் அடையாளம்.

இஸ்ரேல் கோத்திரத்தார் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டபோது யோசேப்பின் வம்சத்தாருக்கு விழுந்த பங்கின் எல்லை சொல்லப்படுகிறது. மலை மேலிருந்து இறங்கும் அந்த எல்லை, கீழ்ப் பெத்தொரோன் வழியாக வந்து, கேசேரைத் தொட்டு, கடலில் போய் முடிகிறது. கேசேர் மலைக்கும் கடலுக்கும் நடுவே, பெத்தொரோனுக்கு மேற்கே இருந்திருக்க வேண்டும். இது இரண்டாவது அடையாளம்.

அந்தப் பங்கைப் பெற்ற எப்பிராயீம் கோத்திரத்தாரால் கேசேரில் இருந்த கானானியரை விரட்ட முடியவில்லை. ஆகவே அது வலுவான கோட்டை ஊர். பின்னொரு காலத்தில் தாவீது பெலிஸ்தரை மலை நாட்டிலிருந்து கேசேர் வரையில் துரத்தி அடித்தார். பெலிஸ்தர் கடற்கரைச் சமவெளிக்காரர்கள். ஆகவே மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் கேசேர் இருந்தது. இவை மூன்றாவது, நான்காவது அடையாளங்கள்.

யூதர்களின் மக்கபேயர் வரலாற்றில் இன்னொரு தகவல் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஊரின் பெயர் கிரேக்கர் வாயில் நுழைந்து 'கசாரா' என்று மாறியிருந்தது. எம்மாவு என்ற ஊருக்கு அருகே நடந்த சண்டையில் தோற்று ஓடிய படையைக் கசாரா வரையில் விரட்டினார்கள் என்று அந்த வரலாறு சொல்கிறது. அப்படியானால் எம்மாவுக்கும் கேசேருக்கும் அதிக தூரம் இருந்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் மேலாக, கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யூசேபியஸ் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் பைபிளில் வரும் ஊர்களுக்கெல்லாம் ஓர் அகராதி எழுதி வைத்திருந்தார். எம்மாவு அவர் காலத்தில் நிக்கோபொலிஸ் என்று பெயர் மாறியிருந்தது. கசாரா என்பது நிக்கோபொலிசுக்கு வடக்கே 4 ரோமானிய மைல் தூரத்தில் உள்ள ஒரு கிராமம் என்று அவர் குறித்திருந்தார்.

இத்தனை அடையாளங்கள் இருந்தும் ஊர் அகப்படவில்லை!

பெயரை நம்பி ஏமாந்தவர்கள்

1838-ம் ஆண்டில் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கப் பண்டிதர் பாலஸ்தீனத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். அரபு மொழி நன்றாகத் தெரிந்த ஏலி ஸ்மித் என்ற பாதிரியார் அவருக்குத் துணையாகச் சென்றார். அவர்கள் கையாண்ட முறை மிகவும் எளிமையானது. அரசர்கள் மாறலாம், மதம் மாறலாம், பேசும் மொழிகூட மாறலாம். ஆனால் மண்ணை உழுகிற குடியானவன் தன் ஊரின் பெயரைச் சுலபத்தில் மாற்றமாட்டான். அந்த ஊர்க்காரர்களை விசாரித்து அரபுப் பெயர்களைக் கேட்டால், அவற்றுக்குள் பழைய எபிரேயப் பெயர்கள் ஒளிந்திருப்பது தெரியவரும். இந்த முறையால் ராபின்சன் எத்தனையோ ஊர்களை அடையாளம் கண்டார். ஆனால் கேசேர் மட்டும் அவர் கையிலும் சிக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர், யாப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள யாசூர் என்ற கிராமமே கேசேர் என்று சொல்லிப் பார்த்தார்கள். காதுக்குப் பெயர் ஓரளவு ஒத்து வந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவேதான் யாசூரும் இருக்கிறது. ஆனால் யாசூரிலிருந்து எம்மாவு 15 மைலுக்கும் அதிகம். யூசேபியஸ் சொன்னதோ 4 மைல்! ஒரு சாட்சி ஆம் என்கிறது, இன்னொரு சாட்சி இல்லை என்கிறது. எந்த நீதிபதியும் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

உண்மையில் யூசேபியஸும் ஒரு விதத்தில் ஆராய்ச்சியாளர்களைத் திசை தப்ப வைத்துவிட்டார். அவர் சொன்ன தூரம் ஏறக்குறையச் சரி, திசைதான் சரியில்லை. வடக்கு என்று அவர் எழுதிய ஊர் பெரும்பாலும் மேற்கிலேயே இருந்தது. வடக்கே போய்த் தேடியவனுக்கு என்ன கிடைக்கும்?

கொள்ளைக்காரர் காட்டிய வழி

இந்தச் சமயத்தில்தான் சார்ல்ஸ் கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சு இளைஞர் மேடையில் தோன்றினார். 1846-ல் பிறந்தவர். ஜெருசலேமிலிருந்த பிரெஞ்சுத் துணைத் தூதர் அலுவலகத்தில் 1867 முதல் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தார். அலுவலக வேலை முடிந்தால் பழைய கல்வெட்டு, பழைய ஏடு என்று அலைவார். மோவாபு தேசத்து அரசனான மேசாவின் புகழ்பெற்ற கல்வெட்டை உலகறியச் செய்தவர்களில் இவரும் ஒருவர்.

மற்றவர்கள் பைபிளையும் கிரேக்க நூல்களையும் புரட்டிக்கொண்டிருந்தபோது, இவர் அரபு நூல்களைப் படித்தார். ஜெருசலேமில் காஜியாக இருந்த முஜீருத்தீன் என்பவர் 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெருசலேம், ஹெப்ரோன் ஆகிய இரு நகரங்களின் வரலாற்றை எழுதியிருந்தார். அதில் ஒரு மூலையில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. 1495-ம் ஆண்டு வாக்கில் ராம்லா ஊருக்கு அருகே நாடோடிக் கொள்ளைக்காரர்களுக்கும் சர்க்கார் படைக்கும் கைகலப்பு ஏற்பட்டது. பெரிய யுத்தமல்ல, சரித்திரத்தில் ஏறத் தகுந்த வெற்றியுமல்ல. ஆனால் அந்தச் சண்டையின் கூச்சல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரையில் கேட்டது என்று முஜீருத்தீன் எழுதி வைத்தார். அந்த இரண்டு ஊர்களில் ஒன்று குல்தா. மற்றொன்றின் பெயர் டெல் எல்-ஜெசர்.

அந்தப் பெயரைப் படித்ததும் இளைஞர் துள்ளி எழுந்திருக்க வேண்டும்!

அரபு மொழியில் 'டெல்' என்றால் மேடு. ஜெசர் என்பது என்ன? எபிரேய மொழியில் 'க' என்று ஒலிக்கும் எழுத்து, அரபு மொழியில் 'ஜ' என்று ஒலிக்கும். ஒட்டகத்துக்கு எபிரேயத்தில் கமல் என்று பெயர், அரபியில் ஜமல். தமிழில் செவி என்பதைக் கன்னடத்தில் கிவி என்று சொல்லவில்லையா? அதுபோலத்தான் இதுவும். கேசேர் என்பதை அரபிக்காரர் சொன்னால் ஜெசர் என்றுதான் வரும். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

குல்தா கிராமம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். கூச்சல் கேட்கும் தூரத்தில், ராம்லாவுக்குத் தென்கிழக்கே, எம்மாவுக்கு மேற்கே என்று கோடு போட்டுப் பார்த்தால், அபூ சூஷா என்ற கிராமத்தை ஒட்டி ஒரு பெரிய மேடு நின்றது. ராம்லாவிலிருந்து ஏறத்தாழ 5 மைல். ஜெருசலேமிலிருந்து ஏறத்தாழ 20 மைல். மேட்டின் பரப்பு 30 ஏக்கருக்கு மேல். உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடற்கரைச் சமவெளி விரிந்து கிடக்கிறது. மறுபக்கம் ஆயலோன் பள்ளத்தாக்கு வழியாக மலைக்கு ஏறும் பாதை தெரிகிறது. எகிப்திலிருந்து சிரியாவுக்குப் போகும் கடற்கரைப் பெருவழியும், ஜெருசலேமுக்குத் திரும்பும் மலைவழியும் சந்திக்கும் இடத்துக்குக் காவல்காரனைப் போல நிற்கிறது அந்த மேடு. பார்வோன் ஏன் அதைப் பிடித்தான், சாலொமோன் ஏன் அதைத் திரும்பக் கட்டினார் என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

1871-ல் கிளெர்மோன்-கானோ தம் முடிவை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. அரபு ஏட்டில் ஒரு பெயரைக் கண்டதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பண்டைய நகரத்தை நிலைநாட்டிவிட முடியுமா? யாசூரும் பெயர் ஒற்றுமையால் வந்த ஊர்தானே! பெயர் ஒருமுறை ஏமாற்றினால் மறுமுறையும் ஏமாற்றாது என்று யார் உறுதி சொல்வது? கையில் பிடித்துக் காட்டும்படியான சாட்சி ஒன்று தேவைப்பட்டது.

பாறை பேசியது

அந்தச் சாட்சி மூன்று ஆண்டுக்குள் கிடைத்தது. 1873-ம் ஆண்டில் கிளெர்மோன்-கானோ மறுபடியும் பாலஸ்தீனத்துக்கு வந்தார். இந்தத் தடவை அவரை அனுப்பியது லண்டனில் உள்ள பாலஸ்தீன ஆராய்ச்சி நிதிச் சங்கம். 1874-ல் அவர் அந்த மேட்டைச் சுற்றியுள்ள பாறைகளை ஆராய்ந்தார்.

மேட்டிலிருந்து தள்ளி, வெளியே, தரையோடு தரையாகக் கிடந்த ஒரு பாறையில் பெரிய பெரிய எழுத்துக்கள் வெட்டியிருந்தன. இரண்டு மொழிகள். ஒன்று கிரேக்கம், 'அல்கியோசுக்கு உரியது' என்று பொருள். மற்றொன்று எபிரேயம். அதில் இரண்டே சொற்கள். ஒரு சொல்லுக்கு எல்லை என்று அர்த்தம். அடுத்த சொல்?

கேசேர்!

'கேசேரின் எல்லை' என்று பாறையே வாய் திறந்து சொல்லிவிட்டது. அதே ஆண்டில் இரண்டாவது கல்வெட்டும் கிடைத்தது. இன்று வரையில் பத்துக்கும் மேற்பட்ட எல்லைக் கற்கள் அந்த மேட்டைச் சுற்றி அகப்பட்டிருக்கின்றன. 2012-ல்கூட ஒரு புதிய கல் கண்டுபிடிக்கப்பட்டது.

பாலஸ்தீனத்தில் பைபிள் கால ஊர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை ஊகத்தாலும், தூரக் கணக்காலும், பெயர் ஒற்றுமையாலும்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஊரின் பெயரே அந்த ஊரின் மண்ணில் எழுத்தில் கிடைப்பது மிக அபூர்வம். அந்தப் பாக்கியம் கேசேருக்குக் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேவியரின் ஊர்களைச் சுற்றி இத்தனை முழத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்று பைபிளில் ஒரு விதி இருக்கிறது. கேசேரும் லேவியருக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஆகவே இவை அந்தப் புனித எல்லையைக் காட்டும் கற்கள் என்று கிளெர்மோன்-கானோ எண்ணினார். ஆனால் எழுத்தின் வடிவம் ரோமானியர் காலத்தை ஒட்டியது. சாலொமோனுக்கு ஏறக்குறைய 900 ஆண்டு பிந்தியது. அல்கியோஸ் என்பவர் ஒரு நிலச்சுவான்தார், தம் பண்ணையின் எல்லைக்கு அவர் வெட்டி வைத்த கற்களே இவை என்பதுதான் இன்று பலருடைய கருத்து. கண்டுபிடித்தவரின் விளக்கம் சரியோ தவறோ, கண்டுபிடித்த ஊர் சரியாகவே இருந்தது.

எகிப்திலிருந்து வந்த சாட்சிகள்

ஒரு தடவை உண்மை வெளிப்பட்டுவிட்டால், அதற்குச் சாட்சி சொல்ல ஒவ்வொருவராக வருவார்கள் அல்லவா? அப்படித்தான் நடந்தது.

1887-ல் எகிப்தில் எல்-அமர்னா என்னும் இடத்தில் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்கள் குவியலாக அகப்பட்டன. கானான் தேசத்துச் சிற்றரசர்கள் பார்வோனுக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் ஏராளம். காலம் கி.மு. 14-ம் நூற்றாண்டு. கேசேரின் அரசர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன. மில்கிலு என்ற கேசேர் அரசன் ஒரு கடிதத்தில் அழாத குறையாக முறையிடுகிறான். பார்வோனின் அதிகாரி ஒருவன் தன்னிடம் 2,000 வெள்ளி கேட்கிறானாம்; கொடுக்காவிட்டால் மனைவி மக்களை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டுகிறானாம். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னும் மேலதிகாரியின் தொல்லை இப்படித்தான் இருந்திருக்கிறது!

1896-ல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் எகிப்தில் மெர்னெப்டா என்ற பார்வோனின் வெற்றிக் கல்லைக் கண்டெடுத்தார். கி.மு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டப்பட்டது. இஸ்ரேல் என்ற பெயர் முதன்முதலாக வருவது இந்தக் கல்லில்தான் என்பார்கள். அதே வரிகளில், தான் பிடித்த நகரங்களில் ஒன்றாகக் கேசேரையும் பார்வோன் குறிப்பிட்டிருக்கிறான். அசீரிய மன்னன் மூன்றாம் திக்லத்-பிலேசரின் அரண்மனைச் சிற்பம் ஒன்றில் ஒரு கோட்டை முற்றுகை செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டைக்கு இட்டிருக்கும் பெயர் கஸ்ரு. அதுவும் கேசேரே என்று கருதுகிறார்கள்.

மண்வெட்டி செய்த நன்மையும் தீமையும்

1902-ம் ஆண்டில் மேட்டைத் தோண்டத் தொடங்கினார்கள். பொறுப்பை ஏற்றவர் மெக்காலிஸ்டர் என்ற ஐரிஷ்காரர். 1909 வரையில், இடையில் சிறிது நிறுத்தி, தோண்டினார். கூலியாட்கள் பலர், ஆனால் அவர்களை மேற்பார்க்கப் படித்த ஆராய்ச்சியாளர் அவர் ஒருவர்தான்.

கிடைத்த பொருள்கள் அற்புதமானவை. ஆள் உயரத்துக்கும் மேலான கற்கள், பத்து, வரிசையாக நடப்பட்டிருந்தன. கானானியர் காலத்து வழிபாட்டிடம் அது. பாறையைக் குடைந்து நிலத்தடி நீருக்கு இறங்கும் ஆழமான சுரங்கம் ஒன்று இருந்தது. 1908-ல் உள்ளங்கையளவு சுண்ணாம்புக் கல் பலகை ஒன்று கிடைத்தது. ஒரு வருஷத்து விவசாய வேலைகள் அதில் வரிசையாக எழுதியிருக்கின்றன. விளைவைச் சேர்க்க இரண்டு மாதம், விதைக்க இரண்டு மாதம், பின் விதைப்புக்கு இரண்டு மாதம், சணல் வெட்ட ஒரு மாதம், வாற்கோதுமை அறுவடைக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போகிறது. பன்னிரண்டு மாதமும் அதில் அடங்கிவிடுகின்றன. கி.மு. 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது; எபிரேய நாட்டில் கிடைத்த மிகப் பழைய எழுத்துக்களில் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பையன் எழுதிப் பழகிய பலகையாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். இன்று அது இஸ்தான்புல் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

இன்னொரு கல் துண்டில், மக்கபேயர் தலைவரான சீமோன் கட்டிய அரண்மனை தீப்பற்றி எரியட்டும் என்று பம்பிராஸ் என்ற ஒருவன் கிரேக்கத்தில் கிறுக்கிச் சாபமிட்டிருந்தான். கசாராவைச் சீமோன் பிடித்த வரலாறு கி.மு. 142-ஐ ஒட்டியது. ஊரை இழந்தவனின் வயிற்றெரிச்சல் இரண்டாயிரம் ஆண்டு கழித்து வெளியே வந்தது!

ஆனால் மெக்காலிஸ்டரின் முறை பெரிய தீங்கையும் செய்துவிட்டது. மேட்டின் குறுக்கே 40 அடி அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுவார். அடிவரையில் தோண்டி முடித்ததும், பக்கத்தில் அடுத்த பள்ளம் வெட்டி, அந்த மண்ணை முதல் பள்ளத்தில் தள்ளுவார். பண்டைய ஊர் மேடு என்பது அடுக்கு அடுக்காக வைத்த ஓலைச் சுவடியைப் போன்றது. எந்த ஓலைக்கு மேல் எந்த ஓலை இருந்தது என்று தெரிந்தால்தான் கதை புரியும். மெக்காலிஸ்டர் ஓலைகளை எடுத்தார், வரிசையைக் கலைத்துவிட்டார். 1912-ல் அவர் மூன்று பெரிய புத்தகங்களாகத் தம் அறிக்கையை வெளியிட்டார். சாலொமோன் கட்டிய கேசேர் எங்கே என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

புத்தகத்துக்குள் ஒளிந்திருந்த வாசல்

விடை இல்லையென்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அது அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது!

1950-களில் இகேல் யாதீன் என்ற இஸ்ரேல் ஆராய்ச்சியாளர், படைத் தலைவராக இருந்து புதைபொருள் ஆராய்ச்சிக்கு வந்தவர், வடக்கே ஆத்சோர் நகரத்தின் மேட்டைத் தோண்டினார். அங்கே 1957-ல் ஒரு பெரிய கோட்டை வாசலின் ஓரம் தென்பட்டது. மெகிதோ நகரில் முன்பே கண்டெடுத்த வாசல் யாதீனின் நினைவுக்கு வந்தது. நடுவே பாதை, பாதையின் இரு பக்கமும் மும்மூன்றாக ஆறு அறைகள். மெகிதோ வாசலின் வரைபடத்தைக் கொண்டு, இன்னும் தோண்டாத நிலத்தின் மேலேயே கோடு கிழித்து, இங்கே தோண்டுங்கள் என்றார். சுவர்கள் கோட்டுக்கு நேராக வெளிப்பட்டன. கூலியாட்கள் அவரை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களாம்.

மந்திரமல்ல, பைபிளின் ஒரு வசனமே அவருக்கு வழி காட்டியது. சாலொமோன் கட்டிய ஊர்களாக ஆத்சோர், மெகிதோ, கேசேர் என்ற மூன்றையும் அந்த வசனம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. இரண்டு ஊரில் ஒரே மாதிரி வாசல் என்றால் மூன்றாவது ஊரில்?

யாதீன் மெக்காலிஸ்டரின் பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மக்கபேயர் கோட்டை என்று பெயரிட்டு மெக்காலிஸ்டர் அச்சிட்டிருந்த வரைபடத்தில், ஒரு பக்கத்து மூன்று அறைகள் அப்படியே கிடந்தன! வாசலின் ஒரு பாதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அது என்னவென்று தெரியாமலேயே மெக்காலிஸ்டர் போய்விட்டார். யாதீன் இதை 1958-ல் கட்டுரையாக வெளியிட்டார். மண்வெட்டியைத் தொடாமல், நூல் நிலையத்தில் உட்கார்ந்தே ஒரு கோட்டை வாசலைக் கண்டுபிடித்துவிட்டார்!

1964 முதல் 1974 வரையில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கேசேரை மறுபடியும் தோண்டினார்கள். யாதீன் சொன்ன இடத்தில் வாசலின் மறுபாதியும் இருந்தது. நெருப்பில் வெந்து அழிந்த பழைய அடுக்குகளும் அகப்பட்டன.

தீராத வழக்கு

அப்படியானால் பைபிள் சொன்னது முழுவதும் நிரூபணம் ஆகிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். ஊர் எது என்ற வழக்கு முடிந்துவிட்டது. அதில் மேல்முறையீடு இல்லை. ஆனால் அந்த வாசலைக் கட்டியவர் சாலொமோன்தானா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அதே மாதிரியான ஆறு அறை வாசல்கள், சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படாத ஊர்களிலும் கிடைத்திருக்கின்றன. இவை கி.மு. 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அல்ல, அதற்கு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன் முதலிய அறிஞர்கள் 1990-களிலிருந்து வாதாடி வருகிறார்கள்.

2006 முதல் 2017 வரையில் நடந்த புதிய அகழ்வில், கரிந்துபோன தானியங்களைப் பத்திரமாகச் சேகரித்தார்கள். அவற்றின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டு 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய கட்டடங்கள் எழுந்தது கி.மு. 10-ம் நூற்றாண்டின் முற்பாதியில் என்று கொள்ள அந்த முடிவுகள் இடம் தருகின்றன. மெர்னெப்டா பார்வோன் ஊரைப் பிடித்ததாகச் சொன்னதற்கும், அந்தக் காலத்து அழிவு அடுக்குக்கும் பொருத்தம் தெரிகிறது. ஆனால் மகளுக்குச் சீதனம் கொடுத்த பார்வோன் யார்? பைபிள் அவன் பெயரைச் சொல்லவில்லை. சியாமுன் என்ற பார்வோனாக இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள், எல்லோரும் ஒப்பவில்லை. இதுவரை கிடைத்த எகிப்தியக் கல்வெட்டு எதிலும் இந்தக் கல்யாணச் செய்தி இல்லை.

இன்று அந்த மேடு பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருக்கிறது. அடிவாரத்திலிருந்த அபூ சூஷா கிராமம் 1948 யுத்தத்தில் காலியாகிவிட்டது. ஜெசர் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்துக் காத்துக் கொடுத்தவர்கள் அந்த வட்டாரத்து அரபுக் குடியானவர்களே. அவர்கள் பெயரைக் காக்காமல் விட்டிருந்தால் முஜீருத்தீன் அதை எழுதியிருக்க முடியாது. முஜீருத்தீன் எழுதாவிட்டால் கிளெர்மோன்-கானோவுக்கு வழி தெரிந்திருக்காது.

அல்கியோஸ் என்ற அந்த நிலச்சுவான்தாரையும் மறந்துவிடக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரன் தன் எல்லையைத் தள்ளி உழுதுவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பாறையில் பெயரை வெட்டச் சொன்னார். பார்வோன் ஊரை எரித்தான், சாலொமோன் கட்டினார், சீமோன் பிடித்தார். இவர்களில் எவரும் ஊரின் பெயரை அந்த இடத்தில் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அதை எழுதி வைத்தவர், தம் வயல் வரப்பைக் காக்க நினைத்த ஒரு விவசாயி!